ஏழாம் நம்பர் ரென்ச்

அணுபுரம்
16.11.2025

அன்புள்ள தம்பி ஆதித்யாவுக்கு,

அக்கா ரோகிணி எழுதுவது. நானும் உன் மாமாவும் ஸ்வாதியும் சுகம். மதுராந்தகத்தில் அம்மாவுக்கு முட்டிவலி மழையோடு வந்திருக்கிறது, மழையோடு போய்விடும் என்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? அந்தப் பாலைவனத்தில் சோறு கிடைக்கிறதா, மூன்று வேளையும் ரொட்டிதானா?

சோதனைக்களத்து வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஆபீஸ் போன், அதிலும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கேட்பான் என்றால் என்னத்தைப் பேசுவது? போன வாரம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன். பக்கத்திலேயே அணுமின் நிலையம் இருப்பதால் நம் தட்டான் விமானத்தை இங்கே பறக்கவிட முடியாது என்பது சரி. அதற்காக உன்னையும் சேர்த்து அத்தனை தூரம் அனுப்ப வேண்டுமா என்று அம்மா கேட்கிறாள்.

ஒரு வேடிக்கை. ஸ்வாதிக்குப் பள்ளியில் 'எங்கள் வீட்டு ஆயுத பூஜை' என்று கட்டுரை. அவள் வீட்டை விட்டுவிட்டு நம் கம்பெனியின் பூஞ்சேரி ஷெட்டைப் பற்றி எழுதிவிட்டாள். அப்படியே தருகிறேன்: 'அன்று ஒருநாள்தான் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அங்கே ராணுவத்துக்காக ஒரு விமானம் செய்கிறார்கள். அது ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்தில் எழும்பும். பிறகு சிறகு நுனியில் இருக்கும் இரண்டு விசிறிகளும் முன்பக்கம் சாயும், விமானமாகிப் பறக்கும். போல்ட்டை முறுக்கும்போது சரியான அளவு வந்ததும் ரென்ச் கிளிக் என்று சொன்னால்தான் என் அம்மா ஊதா பெயின்ட்டில் அதன்மேல் ஒரு கோடு போடுவாள். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பூஜையில் எல்லா ரென்ச்சையும் வரிசையாக வைத்திருந்தார்கள். ஏழாம் நம்பருக்கு நான் குங்குமம் வைத்தேன். ஆதி மாமா சாமந்தி வைத்தார். மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது என்று கலையரசன் அங்கிள் அதட்டினார்.' டீச்சர் அடியில் 'கற்பனை நன்று' என்று எழுதியிருக்கிறார்.

கம்பெனியில் இன்னும் பாதிச் சம்பளம்தான். அரசாங்கக் குழு வந்து பார்க்க, தட்டான் அவர்கள் கண்முன்னால் மேலே எழும்பி விசிறியைச் சாய்த்துப் பறக்க வேண்டும். அதுவும் மார்ச் முப்பத்தொன்றுக்குள். இல்லாவிட்டால் ஒதுக்கிய நிதி காலாவதியாகிவிடுமாம். நம் நிர்வாக இயக்குநர் பாலா சார் தினம் ஒரு கூட்டம் போட்டு இதையே சொல்கிறார். நாற்பது குடும்பத்துச் சோறு உங்கள் கையில் இருக்கிறது. நீயும் அதில் ஏறி உட்காரப் போகிறாய் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அக்கா,
ரோகிணி

* * *

சோதனைக்களம்
30.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் பன்னிரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. உறை பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. இங்கே வருவதையும் போவதையும் பாதுகாப்பு அலுவலகம் படித்துவிட்டுத்தான் விடும். தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார் என்கிறார்கள். ஆகவே ஸ்வாதியின் கட்டுரையை எனக்கு முன்னால் ஒருவர் ரசித்திருக்கிறார்.

ரொட்டி பழகிவிட்டது. குளிர்தான் பழகவில்லை. காலையில் தண்ணீரைத் தொட்டால் கை மரத்துப்போகிறது. மாமாவிடம் சொல்லி அவருடைய பழைய ஸ்வெட்டரை அனுப்பு. அவர் அதைப் போடுவதே இல்லை, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

தட்டான் இரண்டு முறை எழும்பி இறங்கிவிட்டது. நேர் மேலே, நேர் கீழே, அவ்வளவுதான். முன்னால் இரண்டு விமானிகள், பின்னால் அளவுக் கருவிகளோடு நான். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒரு முறை எனக்குப் பதிலாக ஏறிய நம் கம்பெனி ஷ்யாம் இறங்கியதும் வாந்தியெடுத்தான், அது முதல்நாள் சாப்பிட்ட பூரியால்.

நேற்று உள்ளே ஓர் ஓட்டை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உன் ஊதாக் கோடு. ஊர்க்காரர் யாரையோ ரயிலில் பார்த்ததுபோல இருந்தது. ஆனால் அக்கா, கோடு ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது? நீ போட்டால் அடிக்கோல் வைத்ததுபோல் இருக்குமே. அன்றைக்குக் கை நடுங்கியதா? சர்க்கரை ஏதாவது ஏறியிருக்கிறதா? ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. மறைக்காதே.

அன்புத் தம்பி,
ஆதி

* * *

அணுபுரம்
14.12.2025

அன்புள்ள ஆதிக்கு,

எல்லோரும் நலம். ஸ்வெட்டரைத் தனிப் பார்சலில் போட்டிருக்கிறேன். அதை எடுத்ததும் உன் மாமாவுக்கு அதன்மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது, தடவித் தடவிப் பார்த்தார். மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்கப் போனாள் என்றால் முட்டி எப்படி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

எனக்குச் சர்க்கரையும் இல்லை, நடுக்கமும் இல்லை. என் கோடு கோணலா? கேமராவைக் கோணலாகப் பிடித்தவன் நீயாக இருப்பாய். பதினான்கு வருடமாகக் கோடு போடுகிறேன். கிளிக் என் காதில் விழாமல் ஒரு கோடும் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் நேராகத்தான் விழும். எந்த இடத்தில் பார்த்தாய் என்று சொல், ஷெட்டில் அந்த வேலையைப் பதிந்த ஜாப் கார்டை எடுத்துப் பார்க்கிறேன்.

ஸ்வாதிக்கு அரையாண்டுத் தேர்வு. மழை விடுமுறை விட்டால் கலெக்டருக்குக் கோயில் கட்டுவாளாம்.

உன் அக்கா,
ரோகிணி

* * *

சோதனைக்களம்
28.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஸ்வெட்டர் வந்தது. மாமாவின் பாசத்தோடு இரண்டு அந்துருண்டையும் வந்தது.

நீ கேட்ட இடம்: (இங்கே மூன்று வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டுள்ளன) அதற்குரிய ஜாப் கார்டும் இங்கே கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். தேதி அக்டோபர் ஒன்று. மதியம் மூன்று மணி. முறுக்கிய கருவி, ஏழாம் நம்பர் ரென்ச். பார்த்துச் சரி என்றவர் இடத்தில் உன் கையெழுத்து.

அக்கா, அக்டோபர் ஒன்று ஆயுத பூஜை. அன்றைக்கு மூன்று மணிக்கு நீயும் நானும் மாமாவும் ஸ்வாதியும் மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏழாம் நம்பர் ரென்ச் தலையில் என் சாமந்தியோடு சாமி படத்தின்முன் இருந்தது. நீ அன்று மறுபடி ஷெட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் என்னை ரயில் ஏற்றிவிட்டவளே நீதான். மறுநாள் விடிவதற்குள் தட்டான் லாரியில் ஏறிவிட்டது.

நான் யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன். ஒரு வரி போதும்.

பொங்கலுக்கு வர முடியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு.

ஆதி

* * *

அணுபுரம்
25.1.2026

அன்புள்ள ஆதித்யாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. பொங்கல் வேலை, அம்மாவை ஐந்து நாள் இங்கே அழைத்துவந்து வைத்திருந்தது, மருத்துவரிடம் காட்டியது என்று நாள் போனதே தெரியவில்லை. முட்டிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். நீ வராத பொங்கலில் சர்க்கரை குறைவாக இருந்தது என்றாள். ஐந்து நாளும் மாடி வீட்டு நாயோடு சண்டை. பரங்கிக்காய்க் குழம்பை உனக்காக ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து, மாமாவுக்கு ஊற்றினாள்.

போன வாரம் பாலா சார் வீட்டுக்கு வந்தார். முந்திரிக் கேக் கொண்டுவந்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. தம்பி கடிதம் எழுதுகிறாரா, என்ன எழுதுகிறார் என்று கேட்டார். உடம்பு நலத்தைப் பற்றித்தான் என்றேன்.

நீ கேட்டது பற்றி. கார்டில் தேதி தவறி விழுந்திருக்கலாம். வேலை சரியாகத்தான் நடந்தது என்று சொல்கிறார்கள்.

ஸ்வாதி கணக்கில் தொண்ணூற்றாறு.

அக்கா,
ரோகிணி

* * *

சோதனைக்களம்
8.2.2026

அக்காவுக்கு,

நலம். உங்கள் அனைவர் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தில் பொங்கலுக்கும் ஊசிக்கும் கிண்ணத்துக்கும் ஒன்றரைப் பக்கம். நான் கேட்டதற்கு இரண்டு வரி. 'சொல்கிறார்கள்' என்றால் யார்? நீ சொல்கிறாயா இல்லையா? எனக்குத் தெரிந்த ரோகிணி, பால்காரர் அரை லிட்டர் என்று சொன்னால்கூட அளந்து பார்ப்பாள்.

விடுப்பில் போய்வந்த ஷ்யாம் ஒரு விஷயம் சொன்னான். உன்னைத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஆக்கிவிட்டார்களாம். தனி அறையாம். அதை நீ எழுதவே இல்லை. முந்திரிக் கேக்கை எழுதியவளுக்கு அறையை எழுத மறந்துவிட்டதா?

எனக்கு யாரையும் பிடித்து மாட்டிவிட ஆசை இல்லை. விமானத்தில் அந்த இடத்து மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு நாள் வேலை. ஆனால் கம்பெனி முத்திரை வைத்து மூடியது அது. திறக்க எழுத்தில் காரணம் வேண்டும். நான் காரணம் எழுதினால் அதில் உன் பெயர் வரும். நீயாக அங்கிருந்து ஒரு வரி எழுதினால் எல்லாமே எளிது. அதைத்தான் டிசம்பரிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

குழு மார்ச் பத்தாம் தேதிவாக்கில் வருகிறது. அன்று விசிறி சாயும். இதுவரை அதன்மேல் விழாத பாரமெல்லாம் அன்றுதான் விழும். முன்னால் இருவர், பின்னால் நான். விமானிகளில் ஒருவருக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை. படத்தைக் காட்டினார்.

ஆதித்யா

* * *

அணுபுரம்
2.3.2026
விரைவு அஞ்சல்

இந்த உறையை முதலில் பிரிக்கும் அன்பருக்கு,

வணக்கம். நீங்கள் யார் என்று தெரியாது. தமிழ் தெரிந்தவர் என்பது மட்டும் தெரியும். இத்தனை மாதமாக எங்கள் வீட்டுக் கதையை நீங்கள் படிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. இப்போது உங்களைத்தான் நம்பி எழுதுகிறேன். தயவுசெய்து எதையும் கறுப்பு மையில் அடிக்காமல் இதை உங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான் அந்த விமானத்தைச் செய்த கம்பெனியில் தரப் பரிசோதகர். இரண்டு விசிறிகளையும் ஒரு நீளத் தண்டு இணைக்கிறது. ஒரு பக்க இன்ஜின் நின்றால் மறுபக்க இன்ஜின் இரண்டையும் சுற்றுவதற்காக. அந்தத் தண்டின் நடு இணைப்பில் பதினாறு போல்ட்டுகள் உண்டு. அவை சரியான அளவுக்கு முறுக்கப்பட்டன என்று என் கையெழுத்து சொல்கிறது. அந்தக் கையெழுத்து பொய். அவை முறுக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பர் முப்பதாம் தேதி, பூஜை அவசரத்தில், இரண்டு நாள் நான் விடுமுறை என்பதால், நான்கு வெற்றுக் கார்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனேன். சில்லறை வேலை ஏதாவது வந்தால் நிற்கக் கூடாது என்று நிர்வாக இயக்குநர் பாலா கேட்டார். பதினான்கு வருடத்தில் அந்த ஒரு தடவைதான். ஆனால் போட்டேன். மறுநாள் நாங்கள் கிளம்பிய பிறகு லாரி பர்மிட் முன்கூட்டியே வந்துவிட்டது. அன்று மதியம் ஒரு பேரிங்கை மாற்றத் தண்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

என் தம்பியின் டிசம்பர்க் கடிதத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஃபோர்மன் கலையரசனைப் பாலா சார் முன்னாலேயே கேட்டேன். எல்லாம் ஆயிற்று என்றார். அதை நம்ப ஆசைப்பட்டேன், நம்பினேன். அடுத்த வாரம் எனக்குத் தனி அறையும் மேலாளர் பதவியும் வந்தன. ஏன் வந்தன என்று எனக்குத் தெரிந்திருந்தது. தம்பிக்கு எழுதக் கூசியது.

அவனுடைய கடைசிக் கடிதம் பிப்ரவரி இருபத்திரண்டில் வந்தது. மறுநாளே அச்சரப்பாக்கத்தில் கலையரசன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "பூஜையில வச்சத எப்புடிம்மா எட்த்து மாட்றது? வச்ச பொட்டு கூட காயல. சாதா ஸ்பேனர வச்சி, கை கணக்கா முறுக்கினேன். அங்க போய் மறுக்கா ரென்ச் போட்டுக்குவாங்கன்னு பாலா சாரு சொன்னாரு. ஒன் பெயின்ட்ட எட்த்து கோடு போட்டதும் நான்தான். அப்பவே கை நடுங்கிச்சி. நைட்ல தூக்கம் கீதா பாரு, இன்னிக்கி வரிக்கும் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. பூஜையில் இருக்கும் கருவியைத் தொட எங்கள் ஷெட்டில் ஒருவருக்கும் கை வராது. எனக்கும் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கார்டில் 'ஏழாம் நம்பர்' என்று இருப்பதை வேறு ஊர்க்காரர் யார் பார்த்தாலும் சந்தேகமே வராது.

பாலா சாரிடம் கேட்டேன். அங்கே மறுபடி முறுக்கச் சொல்லி மெயில் போட்டாயிற்று என்றார். காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. மறுநாள் காலை என் கணினி திறக்கவில்லை. ஓய்வெடுங்கள் மேடம் என்று வாசலில் சொல்லி அனுப்பினார்கள். உங்கள் களத்தின் தொலைபேசி எண் குடும்பத்தாருக்குத் தரப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் கம்பெனி ஆள் வழியாகத்தான் வருகிறது, நேற்று அதுவும் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வாசல் நீங்கள் பிரிக்கும் இந்த உறைதான். என் கணவர் திருநாவுக்கரசு சொன்னபடி, இதே கடிதத்தை நாளையும் நாளை மறுநாளும் மறுபடி அனுப்புவேன். மூன்றில் ஒன்றாவது நேரத்துக்கு வந்து சேரட்டும்.

அந்த மூடியைத் திறக்காமல் விமானத்தை எழுப்பாதீர்கள். தண்டனை எனக்கு வரட்டும்.

ஆதி, உனக்கு: எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். நான் நலமாக இல்லை. ஒரு வரி கேட்டாய், இரண்டு மாதம் கழித்துத் தருகிறேன். என்னை மன்னித்துவிடு.

ரோகிணி திருநாவுக்கரசு

* * *

சோதனைக்களம்
10.3.2026

மதிப்புக்குரிய ரோகிணி அக்காவுக்கு,

என் பெயர் ஷாரோன். பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தர். சொந்த ஊர் நாசரேத். உங்கள் கடிதங்களையெல்லாம் நான்தான் பிரித்தேன். ரென்ச்சுக்குச் சாமந்தி வைத்ததை உங்கள் தம்பி எழுதியபோது வீட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அது என் கண்ணில் மண் விழுந்த நாள்.

உங்கள் விரைவு அஞ்சல் நேற்று திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தது. முதல் பிரதியே வந்துவிட்டது. இன்று காலை பறப்பதாக இருந்தது. கடிதத்தை வாய்மொழியாக மொழிபெயர்த்து அதிகாரிக்குச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார். மாலையே மூடியைத் திறந்தார்கள். பதினாறில் ஆறு போல்ட்டுகள் கை விரலுக்கே சுற்றின. குழுவினர் அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். நிதி பற்றி அவர்கள் பேசிக்கொண்டது உங்கள் கம்பெனிக்கு நல்லதாக இல்லை. விசாரணைக்கு உங்களுக்கு ஓலை வரும். இவ்வளவையும் உங்களுக்கு எழுத அதிகாரி அனுமதித்திருக்கிறார்.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்த அதே தட்டில், வெளியே போகும் கட்டில், உங்கள் தம்பி உங்களுக்கு எழுதியதும் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டில் ஒன்று பொய் என்பது தெரிந்தது. எது பொய் என்பதும் தெரிந்தது. அதில் சொல்லியிருந்த தாளை உங்கள் தம்பி கொடுப்பதற்குள் ஓடிப்போய் நிறுத்தினேன். அவர் கடிதம் உங்களுக்குரியது. ஒரு வரியும் அடிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஷாரோன்

* * *

(உள்ளே இருந்தது)

சோதனைக்களம்
8.3.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் ஸ்வாதியும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முட்டியை மறந்துவிடாதே, அந்த ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இனி வராது என்று நினைக்கிறேன். நீ ஏதோ ஒன்றில் சிக்கிக்கொண்டாய். காசுக்கா, பதவிக்கா, பயத்துக்கா, எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாக உன்மேல் எனக்குக் கோபம். இந்த வாரம் கோபம் போய்விட்டது. அப்பா இறந்த வருடம் என் கல்லூரிக் கட்டணத்துக்காக நீ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாய். அது ஏன் என்று நான் அப்போது கேட்டேனா? இப்போது மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

ஆனால் முன்னால் உட்காரும் இருவருக்கும் இதெல்லாம் தெரியாது. அவர்களை ஏற்றிவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. அதனால் நாளை மாலை ஒரு தாள் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கேமரா விடும்போது ஆர்வக்கோளாறில் நானே உள்ளே ஸ்பேனரை விட்டு நடு இணைப்பு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டேன், மறுபடி முறுக்கினேனா என்று நிச்சயமில்லை, திறந்து பாருங்கள் என்று. திறப்பார்கள். தளர்ந்திருந்தால் அது என் வேலை. உன் கார்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வேலை போகும். வழக்குக்கூட வரலாம். பரவாயில்லை, தனியாள். நீ விசாரணையில் ஒன்றும் சொல்லாதே. நேராகக் கோடு போடுகிறவள் என்று எல்லோரும் நம்புகிறார்கள், அப்படியே நம்பட்டும்.

ஸ்வெட்டரை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்.

தம்பி,
ஆதி

* * *

அணுபுரம்
22.3.2026

அன்புள்ள ஆதிக்கு,

நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதத்தை வாசல் கேட் அருகில் நின்றே படித்தேன். படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்வாதி ஓடிவந்து என்னம்மா என்றாள். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகவில்லை, ஆகவில்லை என்று பத்துத் தடவை சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இங்கே நடந்ததைக் கேள். ஷெட்டில் பூட்டுத் தொங்குகிறது. நிதி இந்த வருடத்துக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பாலா சாரின் போன் அணைந்து கிடக்கிறது. கலையரசன் அச்சரப்பாக்கத்திலேயே ஒரு லேத் பட்டறைக்குப் போகிறார். என்னோடு எட்டு வருடம் ஒரே சீட்டில் கம்பெனி பஸ்ஸில் வந்த சுஜாதா, நேற்று காய்கறிக் கடையில் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வீட்டிலும் ஒரே சம்பளம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வெற்றுக் கார்டில் கையெழுத்துப் போட்டதும் நான், அதைச் சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொண்டதும் நான். ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலையோடு முடிந்து, நாற்பது பேரும் இன்னும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இதை நினைக்காமல் ஒரு வேளைகூடச் சாப்பிட முடியவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி விசாரணை. மாமா லீவு போட்டுக் கூட வருகிறார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். உன் அக்கா காசுக்கு மசிந்துவிட்டாள் என்று நீ நினைத்தாய். அது எனக்கு வலிக்கிறது, ஆனால் நினைக்கும்படி நடந்துகொண்டவள் நான்தான். அப்படி நினைத்துவிட்டும் அவளுக்காக ஜெயிலுக்குப் போக ஒரு தாள் எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னை அறைந்துவிடலாம் போல இருக்கிறது. அறைந்துவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது எனக்கு உன் மாமாவை அப்போது பிடிக்காததால்தான். அதைத் தியாகமாக ஆக்கி வைத்திருக்கிறாய். இனி எனக்காகப் பொய் சொல்லாதே. உனக்கு அது வரவும் வராது. ஸ்பேனர் போகாத ஓட்டையில் ஸ்பேனரை விட்டேன் என்று எழுதியிருக்கிறாய், அங்கே இருக்கும் எவரும் சிரித்துவிடுவார்கள்.

உங்களையெல்லாம் இம்மாத இறுதியில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அம்மாவும் வருவாளாம். நீ அதில் ஏறி உட்கார்ந்திருந்தாய் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஸ்வாதி சொல்லிவிட்டாள். முதலில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள். பிறகு என்னிடம் வா.

ஷாரோன், இதையும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். நான்கு மாதமாக எங்கள் வீட்டு முட்டிவலி வரை உங்களுக்குத் தெரியும். உங்களை ஒரு தடவைகூட நாங்கள் கேட்டதில்லை. நீங்கள் நலமா? அந்தக் குளிரில் உங்களுக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஆதியிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாமா அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்.

உங்கள் இருவருக்கும் அக்கா,
ரோகிணி